மடித்துத் தேய்த்தால் மறுபாதி

ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் ஆபீசுக்கு எப்போதாவது ஒரு நடை போய் வருவேன். போன தடவை போனபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் டிசைனர் பெண் கம்ப்யூட்டரில் புடவை முந்திக்கு வரைந்துகொண்டிருந்தாள். பாதித் தாமரை போட்டாள். அதன் பக்கத்தில் ஒரு அன்னம் போட்டாள். பிறகு ஏதோ ஒரு பட்டனைத் தட்டினாள். அவ்வளவுதான், மறுபாதித் தாமரையும் எதிர் அன்னமும் தானாக வந்து நின்றுவிட்டன.

"சார், உங்க காலத்துல இதுக்கு இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"எங்க காலத்துல அந்தப் பட்டனே நான்தாம்மா" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். டீ வந்தது. "சொல்லுங்க சார்" என்று பிடித்துக்கொண்டார்கள். எனக்கு வாயைத் திறந்தால் மூடத் தெரியாது என்று என் மனைவி வள்ளி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். ஆனால் அன்று டீ ஆறுவதற்குள் மின்சாரம் போய்விட்டது, பேச்சும் அத்தோடு நின்றுபோனது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவுக்காரக் குடும்பம் எங்களுடையது. எனக்குத் தறியில் கால் நிற்காது, கை மட்டும் எதையாவது கிறுக்கிக்கொண்டே இருக்கும். புடவை டிசைனைக் கட்டம் போட்ட கிராப் தாளில் எழுதும் வேலையைப் பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டேன். இருபத்தெட்டு வயதில், இரண்டு குழந்தைகளுக்கு அப்பனான பிறகு, கைத்தறி டிசைன் ஆபீஸ் ஒன்றில் வேலை கிடைத்தது. தற்காலிகம்தான். அறுபதுகளின் கடைசி அது. வேலை நிலைக்காவிட்டால் திரும்பவும் வீட்டுத் தறிக்குத்தான் போகவேண்டும். அதில்கூட எனக்கு வருத்தமில்லை. பக்கத்துத் தறியில் என் மச்சான் உட்கார்ந்திருப்பானே, அதுதான் கவலை. நான் வேலைக்குக் கிளம்பிய அன்றே "எவ்ளோ நாளைக்குன்னு பாக்கலாம் மாமா" என்று சொல்லி அனுப்பியவன் அவன்.

எங்கள் வேலையின் சூட்சுமம் ரொம்பச் சின்னது. புடவையில் வரும் உருவங்களில் பெரும்பாலானவை நடுவில் ஒரு கோடு போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும். அதனால் பாதி வரைந்தால் போதும். மெல்லிய தாளில் பென்சிலால் அழுத்தி வரைந்து, நடுக்கோட்டில் மடித்து, பின்பக்கம் ஸ்பூனால் தேய்த்தால் மறுபாதி தானாக விழுந்துவிடும். நான் இதில் கில்லாடி. சட்டைப் பையில் பேனா இல்லாமல் போனாலும் போவேன், ஸ்பூன் இல்லாமல் போகமாட்டேன்.

ஆபீசில் வரைகிறவர்கள் ஐந்து பேர். நால்வர் நிரந்தரம், நான் ஒருவன்தான் தொங்கல். நால்வரில் மூத்தவர் சம்பந்தம். ஐம்பது வயது. கண்ணைக் கட்டிவிட்டாலும் யாளி வரைவார். எங்களுக்கு மேலே ஆபீசர் ராகவன். கண்டிப்பான மனிதர், ஆனால் நியாயஸ்தர். நான் சேர்ந்த சில மாதங்களில் அவருக்கு முகவாதம் வந்து, முகத்தின் இடது பக்கம் தொங்கிவிட்டது. வாய் ஒரு ஓரமாக இறங்கி, இடது கண் சரியாக மூடாமல் நீர் வழியும். அதிலிருந்து எப்போதும் மடித்த வெள்ளைக் கர்ச்சீப் ஒன்று அவர் வாயருகே இருக்கும். பேசினாலும் அதன் பின்னாலிருந்துதான் பேசுவார். நாங்களோ அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே "இப்ப எவ்வளவோ தேவலை சார்" என்று ஆரம்பித்தோம். தினமும் காலையில் வணக்கம் மாதிரி அதையும் சொல்லிவிடுவோம். சொல்லும்போது ஒருவரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. காஞ்சிபுரத்து டிசைனர்கள் பழைய டிசைனையே திருப்பித் திருப்பி எழுதுகிறார்கள், கண்ணால் பார்த்து வரையக் கற்றுக்கொடுங்கள், மூன்று மாதம் வகுப்பு என்று. ஆபீசர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏகாம்பரம், அவங்க நாலு பேரும் தேறலைன்னாலும் எனக்குக் கவலை இல்லை. நீ தேறினாத்தான் உன்ன பர்மனென்ட் பண்ண முடியும். புரியுதா?"

"இப்ப எவ்வளவோ தேவலை சார்" என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் கமலவேணி. மெட்ராஸில் ஓவியம் படித்து முடித்து நேராக வந்தவர். இருபத்து நாலு வயது இருக்கும். என்னைவிடச் சின்னவர், சம்பந்தத்துக்கு மகள் வயது. நாங்கள் 'டீச்சரம்மா' என்றோம், அவர் எங்களை 'சார்' என்றார். யார் யாருக்கு வாத்தியார் என்று வெளியாள் பார்த்தால் குழம்பிப்போவான்.

முதல் நாள் மேசையில் ஒரு பித்தளைச் சொம்பை வைத்து, "இதை வரையுங்க சார்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயிரம் பூர்ணகும்பம் வரைந்த கை இது. நடுக்கோடு போட்டேன். பாதிச் சொம்பு வரைந்தேன். மடித்தேன், ஸ்பூனை எடுத்துத் தேய்த்தேன், பிரித்தேன். பத்தே நிமிடம். மற்றவர்கள் இன்னும் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்கள்.

டீச்சரம்மா என் தாளைப் பார்த்தார். சொம்பைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கு சார். இது எந்தச் சொம்பு?"

"இதோ, இதான்மா."

அவர் சொம்பின் வலது பக்கம் விரலை வைத்தார். நான் பார்க்காத அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய நசுங்கல். வேண்டுமென்றே பழைய பாத்திரக் கடையில் தேடி வாங்கியிருக்கிறார்.

"இது அங்க இருக்கு. உங்க தாள்ல இல்லை. உங்க தாள்ல இருக்கிற வலது பக்கம் அங்க இல்லை. அது உங்க கையில இருந்து வந்தது" என்றார். பிறகு கையை நீட்டினார். "அந்த ஸ்பூனைக் குடுங்க. கடைசி நாள் வாங்கிக்கலாம்."

மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். பள்ளிக்கூடத்தில்கூட என்னிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கியதில்லை. எனக்கு எரிச்சலான எரிச்சல்.

அவர் எங்கள் தாளில் ஒரு கோடுகூடப் போட்டதில்லை, தப்பு என்ற சொல்லையும் சொன்னதில்லை. பின்னால் வந்து நிற்பார். சந்தேகமான இடத்தில் விரலை வைத்து, "இது அங்க இருக்கா, உங்க கையில இருக்கா?" என்று கேட்பார். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு அடியே தேவலை என்று சம்பந்தம் சொல்வார்.

பார்க்கும் முறை ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை எடுத்து, கையை முழங்கை மடங்காமல் முழுசாக நீட்டவேண்டும். ஒரு கண்ணை மூடவேண்டும். குச்சியின் நுனியைச் சொம்பின் வாய்க்கு நேராக வைத்து, அடிப்பாகம் எங்கே வருகிறதோ அங்கே கட்டைவிரலை நிறுத்தவேண்டும். அதுதான் உயரம். அதே அளவைப் படுக்கையாகத் திருப்பினால் அகலத்தில் எத்தனை பங்கு என்று தெரிந்துவிடும். முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் அளவு பொய் சொல்லும். கேட்க லேசாக இருக்கும். செய்து பார்த்தால், இத்தனை காலமும் நாம் எதையும் பார்த்ததே இல்லை என்று தெரியும். குடத்தின் கழுத்து நான் நினைத்ததில் பாதிதான். மனிதனுக்குக் கண் இருப்பது தலையின் உச்சிக்குப் பக்கத்தில் இல்லை, நட்டநடுவில்.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. போகிற வருகிற இடமெல்லாம் குச்சி. ஒரு நாள் காலையில் தெருக் குழாயடியில் வரிசையாகக் குடங்கள் இருந்தன. நின்று, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடினேன். தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினால் ஆஜானுபாகுவாக ஒருத்தன்.

"இன்னாபா, எங்க அக்காவப் பாத்துக் கண்ணடிச்சிக்கினு இருக்குற?"

"அக்காவ இல்லபா, குடத்த."

"குடத்துக்கு எவனாவது கண்ணடிப்பானா?"

நியாயமான கேள்விதான். வள்ளி வந்து, "அவரு ஆபீஸ்ல அப்டிதான் சொல்லிக் குடுக்குறாங்கபா" என்று சாட்சி சொல்லி என்னை மீட்டாள். அதற்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே, அவள் சம்மதம் வாங்கிக்கொண்டு, அவளையே அளந்தேன்.

டீச்சரம்மா எங்களைக் கரித்துண்டால் வரையவைத்தார். அந்தக் கோட்டை அழிக்க ரப்பர் உதவாது, ரொட்டியின் உள்பாகத்தைப் பிசைந்து ஒற்றவேண்டும். டீச்சரம்மா தினம் ஒரு ரொட்டி வாங்கி வைப்பார். மதியத்துக்குள் அது காணாமல் போகும். "அழிக்கிற மாதிரி நான் எதுவும் போடலைம்மா, அதான்" என்று சம்பந்தம் வாயைத் துடைத்துக்கொள்வார்.

ஒரு நாள் எங்களைப் பஸ்ஸில் தாமல் ஏரிக்கு அழைத்துப் போனார். கரையில் கொக்குகள். எல்லாரும் உட்கார்ந்து வரைந்தோம். சம்பந்தம் வரைந்த கொக்குக்குத் தலையில் மயில் கொண்டை இருந்தது. டீச்சரம்மா பின்னால் வந்து நின்றதுமே, அவர் கேட்பதற்கு முன்னால் சம்பந்தம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "இது அங்க இல்லம்மா. முப்பது வருஷமா என் கையிலதான் இருக்குது. இன்னா பண்றது, எறங்க மாட்டேங்குது." டீச்சரம்மா அன்றைக்குத்தான் முதல் தடவை வாய்விட்டுச் சிரித்தார்.

மூன்று மாதம் ஓடியது. கடைசி நாள் பரீட்சை. ஒரு ஆளை உட்காரவைத்து ஒரு மணி நேரம் வரையவேண்டும். உட்காருவதற்கு, ஆபீஸ் பெருக்கும் முனியம்மா ஒத்துக்கொண்டிருந்தார். அன்று பார்த்து அவருக்குக் காய்ச்சல். ஆபீசர் வேடிக்கை பார்க்க வந்து வாசலில் நின்றார். டீச்சரம்மா வெள்ளந்தியாக, "சார், நீங்களே உட்காருங்களேன்" என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் ஐந்து பேரும் தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டோம். ஆபீசர் எங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், கர்ச்சீப்போடு.

"கர்ச்சீப்பை மட்டும் கீழ வெச்சிடுங்க சார்" என்றார் டீச்சரம்மா.

அவர் வைத்தார். நான் அந்த நேரம் கை கழுவப் போனேன். பயத்தில் கை வேர்த்து, கரி பிசுபிசுத்தது. திரும்பி வந்து பார்த்தால், நான்கு ஸ்டூலும் ஆபீசரின் வலது பக்கம், அதாவது நல்ல பக்கம், நெருக்கியடித்துக்கொண்டு போய் நின்றிருக்கின்றன. அங்கே ஒரு ஈ உட்கார இடமில்லை. மிச்சம் இருந்தது நேர் எதிரே ஒரே ஒரு ஸ்டூல். சம்பந்தம் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

உட்கார்ந்தேன். பழக்கத்தில் நடுக்கோடு போட்டு, வலது பாதியை முதலில் வரைந்தேன். அருமையாக வந்தது. கம்பீரமான நெற்றி, கூர்மையான கண், மூக்கிலிருந்து வாய்வரை இறங்கும் அந்த மடிப்பு. பாதி முடிந்ததும் என் கை தானாகத் தாளின் ஓரத்தைப் பிடித்துவிட்டது. மடித்துத் தேய்த்தால் போதும். ஸ்பூன்கூட வேண்டாம், நகமே போதும். வியாதி வருவதற்கு முந்தின ராகவன் அப்படியே தாளில் வந்து உட்காருவார். பார்த்தால் மனிதர் பூரித்துப்போவார். என் வேலையும் நிலைத்துவிடும்.

டீச்சரம்மா என் பின்னால் வந்து நின்றார். கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

தாளின் ஓரத்தை விட்டுவிட்டுக் குச்சியை எடுத்தேன். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடினேன். வாயின் இரு ஓரங்களும் ஒரே மட்டத்தில் இல்லை, இடது ஓரம் இரண்டு குச்சிக் கனம் கீழே இருந்தது. இடது கண் வலதைவிட அகலமாகத் திறந்திருந்தது. நெற்றியின் கோடுகள் வலது பக்கமிருந்து புறப்பட்டு நடுவில் வந்து அறுந்துபோயின. வலது கண் இமைக்கும்போது இடது கண் சேர்ந்து இமைக்கவில்லை. இதையெல்லாம் அன்றுதான் பார்த்தேன். அத்தனை மாதம் எதிரே நின்று தேவலை தேவலை என்றவன், அன்றுதான் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எதையும் கூட்டாமல் குறைக்காமல் வரைந்தேன்.

நேரம் முடிந்தது. ஆபீசர் எழுந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பேஷ்." "அடடே." "பேஷ்." "சம்பந்தம், எனக்கு இவ்ளோ மீசை இல்லையேய்யா." என் தாளுக்கு வந்தார். நின்றார். கர்ச்சீப் எடுக்கப் போன கை பாதியில் நின்றது.

"டீச்சர், இவனுக்கு எவ்ளோ மார்க்கு?"

"இவருக்குத்தான் சார் அதிகம்."

தாளை உருவிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். "உன் கதை முடிஞ்சிதுபா" என்றார் சம்பந்தம். டீச்சரம்மா டிராயரைத் திறந்து ஸ்பூனை என்னிடம் கொடுத்தார். "உங்களுது. வேணும்னா வெச்சுக்கோங்க. ஆனா இனிமே உங்களுக்கு அது இல்லாமலும் வரும்" என்று சொல்லிவிட்டு, சாயங்கால பஸ்ஸில் மெட்ராஸ் போய்விட்டார்.

திங்கட்கிழமை ஆபீசர் கூப்பிட்டார். படம் மேசைமேல் இருந்தது.

"நீ பாஸ். ஆனா ஆர்டர்ல கையெழுத்து இப்ப போட மாட்டேன்."

"சார்..."

"கேளு. டாக்டர் வாயோரம் மேல ஏறுதுங்கறாரு. என் சம்சாரம் ஏறுதுங்கறா. பியூன் ஏறுதுங்கறான். நான் கண்ணாடில தினம் பாக்குறேன், நேத்துக்கும் இன்னிக்கும் வித்தியாசம் தெரியலை. ஸ்டுடியோவுல போட்டோ எடுத்தா, அவன் டச் பண்ணி நேராக்கிக் குடுக்குறான். உன் ஒருத்தன் தாள்லதான் நான் இருக்கேன். மாசம் ஒரு தரம் இதே நாற்காலியில, இதே வெளிச்சத்துல, இதே அளவுல என்ன வரையணும். மூணு மாசம். அதுக்கப்புறம் பாக்கலாம்."

வீட்டில் போய்ச் சொன்னேன். வள்ளி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏங்க, பாஸும் பண்ணிட்டு தொங்கலாவே இருக்குறது நீங்க ஒருத்தர்தான்."

முதல் மாதம் அளந்தேன். வாயோரம் ஒரு குச்சிக் கனம் ஏறியிருந்தது! வரைந்து முடிப்பதற்குள் எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. ஆபீசர் இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்துப் பார்த்து, பியூனைக் கூப்பிட்டு எல்லாருக்கும் காப்பி வாங்கிவரச் சொன்னார். இரண்டாம் மாதம் அரைக் குச்சிதான் ஏறியது. காப்பி இல்லை, ஆனாலும் "நல்லது, நல்லது" என்றார்.

மூன்றாம் மாதம். அளந்தேன். திரும்ப அளந்தேன். முழங்கை மடங்கியதோ என்று மூன்றாம் முறையும் அளந்தேன். இம்மியும் ஏறவில்லை.

பரீட்சையன்றுகூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. அன்று பயம் மட்டும்தான் இருந்தது. இப்போது அந்த மனிதர்மேல் பிரியமும் சேர்ந்துவிட்டது. ஒரு மயிரிழை தூக்கிப் போட்டால் யாருக்குத் தெரியும்? அவருக்கு ஒரு மாதம் நிம்மதி. எனக்கு ஆயுசுக்கும் வேலை. டீச்சரம்மாவும் பின்னால் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி போகவில்லையே, காதுக்குள் குடியிருக்கிறது. கரியை எடுத்து, எங்கே இருந்ததோ அங்கேயே வாயோரத்தை வைத்தேன்.

ஆபீசர் புதுத் தாளைப் பழையதன்மேல் வைத்து ஜன்னலில் பிடித்தார். கோட்டின்மேல் கோடு உட்கார்ந்தது.

"நின்னுடுச்சு, இல்ல?"

"ஆமாங்க சார்."

"கொஞ்சம்கூட...?"

"இல்லைங்க சார். மூணு தரம் அளந்தேன்."

அவர் தாள்களை இறக்கினார். முதுகு காட்டியபடியே பேசினார். "என் பொண்ணு கல்யாணத்தை ரெண்டு தரம் தள்ளி வெச்சிட்டேன், ஏகாம்பரம். இது சரியாகட்டும், வர்றவங்க முன்னால அப்புறம் நிக்கலாம்னு. அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை கேக்கலை." பிறகு திரும்பினார். "சரி. இதுதான் என் மூஞ்சி. இனிமே தள்ள வேண்டியது இல்லை."

நாற்காலியில் உட்கார்ந்து, டிராயரிலிருந்து ஆர்டரை எடுத்து, கையெழுத்துப் போட்டு நீட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வேலை கிடைத்ததற்கா, அவர் சொன்னதற்கா என்று கேட்டால் இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது. வாங்குவதற்குக் கையை நீட்டினேன்.

"அந்தக் கையோட தொடாதே, ஆர்டர் கரியாயிடும்" என்று, மேசைமேல் இருந்த கர்ச்சீப்பை எடுத்து என்னிடம் போட்டார். "துடைச்சுக்கோ."

"வேணாங்க சார், உங்களுக்கு..."

"எனக்கு இனிமே அது எதுக்கு?"

துடைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் வீட்டில் சட்டையைத் துவைக்கப் போட்டபோது, வள்ளி பையைத் துழாவி அதை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

"யாரு கர்ச்சீப்புங்க இது, இவ்ளோ கரியா இருக்குது?"

"ஆபீசருது. குடுத்துட்டாரு."

"கர்ச்சீப் கெடக்கட்டும். வேலை இன்னாச்சு?"

"அதுவுந்தான் குடுத்தாரு" என்றேன்.